படம் வரையத் தெரியும், இணையத்தில் கூடுதலாகச் சம்பாதிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 6 செப்டம்பர் 2025

பகலில் அலுவலக வேலை. இரவில் படம் வரைவேன், கொஞ்சம் கதையும் எழுதுவேன். சம்பளத்தோடு மாதாமாதம் இன்னும் கொஞ்சம் வந்தால் நன்றாக இருக்கும். ஒரு தடவை வரைந்து ஏற்றிவிட்டால் போதும், அப்புறம் நாம் தூங்கினாலும் பணம் வந்துகொண்டே இருக்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எந்தத் தளத்தில் சேரட்டும்? ஏஐ வந்த பிறகு இதற்கெல்லாம் மதிப்பு இருக்கிறதா?

6 செப்டம்பர், இரவு

தளத்தின் பெயரைப் பிறகு பார்ப்போம். முதலில், ஏற்றிவிட்டுத் தூங்கும் கதையை ஓரமாக வையுங்கள்.

நான் பல வருடமாகப் படம் வரைந்து பக்க வருமானம் பார்க்கிறவள். குழந்தைகள் புத்தகத்துக்குப் படம், துணிக்கும் காகிதத்துக்கும் பேட்டர்ன், அவ்வப்போது புத்தக அட்டை. எனக்கு முதலில் காசு வந்தது ஆர்டர் வேலையில். இன்றைக்கும் இவ்வளவு வரும் என்று நம்பிக் கணக்குப் போட முடிவதும் அதில்தான். ஒருவருக்கு ஒரு தேவை இருக்கிறது, கையில் பணமும் ஒரு தேதியும் இருக்கிறது, ஆள் தேடுகிறார். அவர் கண்ணில் நாம் பட்டால் போதும். ஆன்லைன் கடையில் அப்படி இல்லை. யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் வரைந்து அடுக்கிவிட்டு, யாராவது தேடி வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். அந்தக் கூட்டம் தளத்தின் கூட்டம். யாரை எந்தப் படத்தின் பக்கம் திருப்பிவிடுவது என்று முடிவெடுப்பது தளம்.

ஸ்டாக் தளங்களின், அதாவது நாம் ஏற்றிவைக்கும் படங்களைப் பலருக்கும் உரிமம் கொடுத்து விற்கும் தளங்களின், கணக்கையும் பாருங்கள். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூன் முதல் புதிதாகச் சேர்பவரின் பங்கு 15 சதவீதத்தில் தொடங்குகிறது. பதிவிறக்கங்கள் கூடக்கூட 40 சதவீதம் வரை ஏறும். ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லாரும் மறுபடி அடிமட்டத்துக்கு வந்துவிடுவார்கள். சந்தாவில் ஒருவர் இறக்கிக்கொண்டால் உங்களுக்கு வெறும் 10 சென்ட் மட்டுமே வரலாம். ஒன்றிரண்டு மாலை உட்கார்ந்து வரைந்த படத்துக்கு அது! ஆயிரக்கணக்கில் கோப்புகள் வைத்திருக்கும் ஆளுக்கு அது வருமானம். கையில் இருபது படம் வைத்திருப்பவருக்கு இல்லை.

ஆகவே என் பதில்: முதல் ஆறு மாதம் ஆர்டர் வேலை. கடை அப்புறம்.

7 செப்டம்பர்

"அப்படியென்றால் ஸ்டாக்கே வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடோபி ஸ்டாக்கில் படத்துக்கும் வெக்டருக்கும் (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுப் படம்) 33 சதவீதம், வீடியோவுக்கு 35 சதவீதம். பங்கு அங்கே சுமார்தான், ஆனாலும் ஜனவரியில் கீழே தள்ளுவது கிடையாது. ஏற்கெனவே வரைந்து சும்மா கிடப்பவை இருந்தால் ஏற்றிவையுங்கள். அதற்கென்றே புதிதாக உட்கார்ந்து வரைவதைத்தான் இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன்.

9 செப்டம்பர்

ஆர்டர் வேலை எப்படிப் பிடிப்பது, எப்படி முடிப்பது என்று விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், "எல்லாவித ஓவியமும் வரைந்து தரப்படும்" என்று எழுதாதீர்கள். தேடுகிற ஆள் அப்படித் தேடுவதில்லை. "நாலு வயதுக் குழந்தைக்கான கதைப் புத்தகத்துக்கு வாட்டர்கலர் மாதிரி படம்" என்று தேடுகிறார். "எங்கள் நாய் எங்கள் சோபாவில் படுத்திருக்கிற மாதிரி ஒரு படம்" என்று தேடுகிறார். நீங்கள் ஒரு நாய் ஓவியர் என்று அறிவித்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். ஒரே வகையில் எட்டு நல்ல மாதிரிகள் வையுங்கள். எட்டு வகையில் ஒவ்வொன்று வைத்தால், பார்ப்பவருக்கு நீங்கள் எதில் கெட்டி என்றே தெரியாது.

ஆர்டர் வேலை கிடைக்கும் தளங்களில் ஃபைவர், அப்வொர்க் இரண்டையும் பார்ப்போம். ஃபைவரில் ஒவ்வொரு ஆர்டரிலும் 20 சதவீதத்தை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்து புதியவர் பணத்தை எடுக்க 14 நாள் காத்திருக்க வேண்டும். அப்வொர்க்கில் 2023 முதல் எல்லாருக்கும் ஒரே 10 சதவீதம் இருந்தது. 2025 மே மாதத்திலிருந்து புது ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து 0 முதல் 15 வரை. விலை வைக்கும்போதே இதைக் கூட்டி வையுங்கள். கைக்கு 80 வர வேண்டும் என்றால் ஃபைவரில் விலை 100.

லோகோப் போட்டிகளில் விழாதீர்கள். நூறு பேர் முழு வேலையும் செய்து கொடுப்பார்கள், ஒருவருக்குக் காசு. மற்ற எல்லாருடைய இரவும் போச்சு. அந்த நேரத்தில் மாதிரிப் பக்கத்துக்கு இரண்டு நல்ல படம் போட்டுவிடலாம்.

அப்புறம் வேலை செய்யும் முறை. ஒரு புத்தக ஆர்டரில் நடந்ததைச் சொல்கிறேன், இதுதான் இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. யானைக்குட்டி ஆற்றைக் கடக்கிற பக்கம். ரஃப், அதாவது முதல் கோட்டு வரைவு, அனுப்பினேன். "நன்றாக இருக்கிறது, கொஞ்சம் உயிரோட்டம் வேண்டும்" என்று பதில் வந்தது. உயிரோட்டம் என்றால் என்ன? தும்பிக்கை தூக்கி இருக்க வேண்டுமா, தண்ணீர் தெறிக்க வேண்டுமா, கண் பெரிதாக வேண்டுமா? அதற்கு நான் விளக்கம் கேட்பதில்லை. தீப்பெட்டி அளவில் மூன்று குட்டி ரஃப் போட்டு, 1, 2, 3 என்று எண் எழுதி அனுப்புவேன். ஒன்றில் குட்டி தாயின் வாலைப் பிடித்திருக்கிறது, ஒன்றில் முன்கால் வழுக்குகிறது, ஒன்றில் மேலேயிருந்து பார்க்கிற கோணம். "2, ஆனால் 3இன் கோணத்தில்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை. வார்த்தையில் சொல்லத் தெரியாத கிளையன்டுக்கும் விரலால் காட்டத் தெரியும்.

திருத்தத்தை ரஃப் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். ரஃபில் இரண்டு சுற்று, வண்ணம் போட்ட பிறகு ஒரு சுற்று, அதுவும் நிறம் போன்ற சின்ன மாற்றங்கள் மட்டும். அதற்கு மேல் என்றால் தனிக் கட்டணம். இதை ஆர்டர் எடுக்கும் முன்பே எழுதி அனுப்பிவிடுகிறேன். தளத்துக்கு வெளியே எடுக்கும் வேலைக்குப் பாதிப் பணம் முன்னால், மீதி வந்த பிறகுதான் பெரிய அளவுக் கோப்பு. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நேர்மையான கிளையன்ட் யாரும் இதற்காக ஓடிப்போனதை நான் பார்த்ததில்லை.

10 செப்டம்பர்

நேற்று விட்டுப்போனது: உரிமை. படத்தை விற்பது வேறு, அதைப் பயன்படுத்தும் உரிமையை விற்பது வேறு. எந்த வேலைக்கு, எந்த அளவுக்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுதுங்கள். "இந்தப் புத்தகத்தின் அச்சுப் பிரதிக்கும் மின்பிரதிக்கும்" என்று எழுதிவிட்டால், அதே யானைக்குட்டி நாளைக்குப் பொம்மையாகவோ பையின் மேலோ வரும்போது உங்களிடம் திரும்ப வருவார்கள். முழு காப்புரிமையும் வேண்டும் என்றால் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அது பல மடங்கு விலை. லேயர்கள் (படத்தின் அடுக்குகள்) ஒன்றாகச் சேர்க்கப்படாமல் தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பும் அப்படித்தான், அதற்குத் தனி விலை. தளங்களில் இதற்கென்று கூடுதல் சேவை போட இடம் இருக்கிறது, அதில் போட்டுவையுங்கள்.

10 செப்டம்பர், இரவு

"ஆரம்பத்தில் மலிவாகச் செய்து கொடுத்து நல்ல ரிவ்யூ வாங்கிக்கொள்ளலாமே?"

மலிவாகச் செய்யாதீர்கள், சின்னதாகச் செய்யுங்கள். முழுப் பக்க ஓவியத்தைக் கால் விலைக்குக் கொடுப்பதற்குப் பதில், தலை மட்டும், ஒரே நிறம், பின்னணி இல்லாத கோட்டோவியம் என்று ஒரு சின்னச் சேவையை நியாயமான விலைக்கு வையுங்கள். மலிவுக்கு வரும் ஆள் அடுத்த தடவையும் அதே விலையைத்தான் எதிர்பார்ப்பார், நண்பரிடமும் அதே விலையைச் சொல்லித்தான் அனுப்புவார். சின்ன வேலைக்குச் சரியான விலை கொடுத்தவர் பெரிய வேலைக்கும் கொடுப்பார்.

15 செப்டம்பர்

கடையைப் பற்றி இரண்டாவது யோசனை. முதல் நாள் எழுதியதில் ஒன்றைப் பிரித்துச் சொல்லியிருக்கலாம். சுவரில் மாட்டுகிற படத்தை விற்பதும், இன்னொரு கலைஞருக்கோ சிறு தொழில் செய்பவருக்கோ வேலைக்கு ஆகிற பொருளை விற்பதும் ஒன்றில்லை. பின்னது மெதுவாக, ஆனால் நிலையாக விற்கிறது. பிரஷ் தொகுப்பு, காகித டெக்ஸ்ச்சர், ஐகான் தொகுப்பு, ஃபாண்ட், தொடர்ந்து ஒட்டிக்கொண்டே போகும் பேட்டர்ன். இவற்றை வாங்குகிறவர் ரசனைக்காக மட்டும் வாங்குவதில்லை, நாளைக்கு ஒரு வேலையை முடிக்க வாங்குகிறார். தேடுகிற சொல்லும் தெளிவாக இருக்கும்.

பேட்டர்ன் எப்படி என்று கேட்டவருக்கு. சதுரமான ஓர் ஓடு வரைகிறோம். அதைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒட்டு தெரியக் கூடாது. வரைகிற மென்பொருளில் ஆஃப்செட் என்று ஒரு வசதி இருக்கும். படத்தை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி நகர்த்தினால், நாலு மூலையும் நடுவில் வந்து சேரும். ஒட்டு ஒரு கூட்டல் குறி மாதிரி நடுவில் தெரியும். அந்தக் கூட்டல் குறியின் மேல் இலையும் பூவும் வரைந்து மூட வேண்டும், ஓரத்தைத் தொடக் கூடாது. இதோடு வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். பன்னிரண்டு ஓடு அடுக்கி, சின்னதாக்கித் தள்ளி நின்று பாருங்கள். ஓரிடத்தில் இருக்கும் கொஞ்சம் அடர்த்தியான சிவப்புப் பூ ஒவ்வொரு ஓட்டிலும் வந்து, வரிசையாக ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும். பக்கத்தில் பார்த்தால் தெரியவே தெரியாது. அந்தப் பூவின் நிறத்தை ஒரு படி இறக்கினாலோ, எதிர் மூலையில் இன்னொன்று வைத்தாலோ கோடு மறைந்துவிடும். துணி வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எட்சி என்ற ஆன்லைன் சந்தையில் ஒரு பொருளைப் பட்டியலில் வைக்க 0.20 டாலர், நாலு மாதத்துக்குச் செல்லும். விற்றால் 6.5 சதவீதம், பணம் வாங்கிக் கொடுப்பதற்குத் தனியாகக் கொஞ்சம். அவர்கள் வெளியே கொடுத்த விளம்பரம் வழியாக ஆள் வந்து வாங்கினால் இன்னும் 15 சதவீதம். சிறிய கடை அந்த விளம்பரத்தை அமைப்பில் போய் நிறுத்திக்கொள்ளலாம். டிஜிட்டல் பொருள் விற்கும் கம்ரோடில் பட்டியல் கட்டணம் கிடையாது, நீங்கள் கூட்டி வரும் ஆள் வாங்கினால் விற்பனையில் 10 சதவீதமும் 50 சென்ட்டும். ஆனால் எட்சியில் தேடி வருகிற கூட்டம் உண்டு, கம்ரோடுக்கு ஆளை நீங்கள்தான் கூட்டி வர வேண்டும்.

16 செப்டம்பர்

டி-ஷர்ட்டுக்கு அச்சடித்துத் தரும் தளங்களில் ஏற்றுகிறவர்கள் கவனிக்க. அமேசான் மெர்ச் கேட்கும் அளவு 4500க்கு 5400 பிக்சல், பின்னணி இல்லாத பிஎன்ஜி. ஏற்றும் முன் படத்தின் கீழே ஒரு கருப்பு லேயரையும், அப்புறம் அடர் சிவப்பு லேயரையும் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் திரையில் கண்ணுக்கே தெரியாத, அரைகுறையாக அழிந்த வெளிர் பிக்சல்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கருப்புச் சட்டையில் அவை படத்தைச் சுற்றி வெளுத்த வளையமாக அச்சாகிவிடும். மென்மையான நிழல், புகை போன்றவை சட்டைக்கு ஆகாது. அவற்றைப் புள்ளிகளாக மாற்றிவிட வேண்டும்.

22 செப்டம்பர்

கதை எழுதுகிறவர் என்று கேள்வியிலேயே இருந்தது, நான் படத்தோடு நின்றுவிட்டேன். அமேசானின் கிண்டிலில் சொந்தமாக மின்னூல் போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 70 சதவீத ராயல்டியை (விற்பனையில் எழுதியவரின் பங்கு) தேர்ந்தெடுக்கிறார்கள். எழுத்து மட்டும் உள்ள நூலுக்கு அது சரி. விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால் 70, வெளியே போனால் 35. ஆனால் படம் உள்ள நூலுக்குக் கணக்கு மாறும், ஏனென்றால் 70இல் கோப்பை அனுப்பும் செலவைக் கழிப்பார்கள். அமெரிக்கத் தளத்தில் ஒரு எம்பிக்கு 0.15 டாலர்.

போட்டுப் பார்ப்போம். படக்கதை, அவர்கள் மாற்றிய பிறகு 20 எம்பி, விலை 4.99. அனுப்பும் செலவு 3 டாலர். மீதி 1.99இல் 70 சதவீதம் என்றால் 1.39. அதே நூலை 35 சதவீதத்தில் வைத்தால் அந்தக் கழிவே கிடையாது, 1.75 வரும். குறைந்த சதவீதத்தில் கூடுதல் பணம்! படம் நிறைய உள்ள நூல் என்றால் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஏற்றி முடித்த பிறகு விலைப் பக்கத்தில் கோப்பின் அளவைக் காட்டுவார்கள், அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

28 செப்டம்பர்

பாட்டும் குரலும் பற்றிக் கேட்டவர்களுக்கு. இசை என் துறை இல்லை, வீட்டில் ஒருவர் செய்கிறார், பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1000 முறையாவது ஓடியிருந்தால்தான் ஒலிப்பதிவுக்கான பங்கே கணக்கில் வரும். அதை விளம்பரமாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். கலைஞர்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்பில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம் தரகு. வருடத்தில் 5000 டாலரைத் தாண்டினால் 10. அங்கே வருகிறவர் வாங்குகிற மனதோடு வருகிறார். 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி என்று ஒன்று உண்டு, அந்த நாளில் தங்கள் தரகை விட்டுக்கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் புதுப் பாட்டு வருவது அந்த நாளில்தான்.

குரல் வேலைக்கு விலை உயர்ந்த மைக்கைவிட அமைதியான அறை முக்கியம். ஆடியோ புத்தகத்துக்கு, அமேசானின் ஆடியோ புத்தகத் தளமான ஏசிஎக்ஸ் வைத்திருக்கும் அளவுகள் மற்ற இடங்களுக்கும் உதவும்: சராசரி ஒலி மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபலுக்குள், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது, பேசாதபோது இருக்கிற இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே. அந்தக் கடைசி அளவில்தான் தடுக்கி விழுவார்கள். குளிர்சாதனப் பெட்டியின் முனகல்கூட ஏறிவிடும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஏசிஎக்ஸில் எல்லா நாட்டவரும் சேர முடியாது, ஆகவே சேரும் தகுதியைப் பார்த்துவிட்டு மெனக்கெடுங்கள்.

5 அக்டோபர்

ஏஐ. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், நிதானமாக எழுத வேண்டும் என்பதால்.

அடிபட்டது உண்மை. வலைப்பதிவுக்கு ஒரு ஓரப்படம், பொதுவான ஒரு பின்னணி, "மலைமேல் சூரியோதயம்" வகையறா. இந்தச் சின்ன ஆர்டர்கள் எனக்கு வருவது அநேகமாக நின்றேவிட்டது. புதியவர்கள் கால் ஊன்றியது அந்த வேலைகளில்தான், அதனால் இது எனக்கு வருத்தமான விஷயம். ஸ்டாக் தளங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. கெட்டி இமேஜஸ் என்ற ஸ்டாக் தளம் 2022 செப்டம்பரில் ஏஐ படங்களை ஏற்க மாட்டோம் என்றது. அதே வருடக் கடைசியில் அடோபி ஸ்டாக், அடையாளம் போட்டு ஏற்றலாம் என்றது. போட்டி எந்தப் பக்கம் பெருகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நிற்பது எது? என் அனுபவத்தில், ஒரே பாத்திரம் முப்பது பக்கத்துக்கும் அதே முகத்தோடு, அதே கிழிந்த காதோடு வர வேண்டிய வேலை. கிளையன்டோடு பேசிப் பேசி வடிவம் எடுக்கிற வேலை. அப்புறம், உரிமை சுத்தமாக இருக்க வேண்டிய வேலை. மனிதர் படைக்காததற்குக் காப்புரிமை இல்லை என்பதை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில் உறுதி செய்தது. அதன் பிறகு பதிப்பகங்கள் இதைப் பற்றிக் கேட்பது கூடியிருக்கிறது. தன் புத்தகத்தின் நாயகனை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையை எந்தப் பதிப்பாளர் விரும்புவார்?

ஆகவே மதிப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு: இருக்கிறது, ஆனால் அது இடம் மாறியிருக்கிறது. ஒற்றைப் படத்தை விற்பவராக உங்களைக் காட்டாதீர்கள். ஒரே பாத்திரம் ஐந்து நிலையில், ஒரே ஊர் காலையிலும் மழையிலும் இரவிலும் என்று தொடராக மாதிரிகள் வையுங்கள்.

6 அக்டோபர்

ரஃபையும் லேயரையும் அழித்துவிடாதீர்கள். வரைகிற மென்பொருள் சிலவற்றில் வேலையை வேகமாக ஓட்டிக் காட்டும் பதிவு தானாகவே சேமிக்கப்படும், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். கையால் வரைந்ததுதானா என்று இப்போது கேட்கிறார்கள். கேட்டதும் காட்டினால் பேச்சு அங்கேயே முடியும்.

19 அக்டோபர்

மாதச் சந்தா பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ரசிகர்கள் கலைஞருக்கு மாதாமாதம் பணம் கட்டும் தளமான பேட்ரியான் 2013இல் ஜாக் காண்டே என்ற இசைக்கலைஞரும் சாம் யாமும் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் 4க்குப் பிறகு புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தரகு 10 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. ரசிகர் ஐபோன் செயலிக்குள்ளேயே சந்தா கட்டினால் ஆப்பிளின் 30 சதவீதமும் சேரும், ஆகவே இணையதளம் வழியாகக் கட்டச் சொல்லுங்கள். இதே மாதிரி இன்னொரு தளமான கோ-ஃபையில் ஒற்றைத் தடவை அன்பளிப்புக்குத் தளத்தின் தரகே கிடையாது.

தொகையைவிட நான் கவலைப்படுவது வாக்குறுதியைப் பற்றி. "மாதம் நாலு படம், ஒரு வீடியோ, பெயர் போட்டு ஒரு நன்றி அட்டை" என்று அறிவித்துவிட்டு, பத்துப் பேர் தரும் சின்னத் தொகைக்காக அந்த மாதத்தின் எல்லா இரவையும் அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்படியும் செய்கிற வேலையின் மிச்சத்தைக் கொடுங்கள்: ரஃப், கைவிட்ட வடிவங்கள், ஏன் இந்த நிறம் என்று நாலு வரி. பணம் தருகிறவர்களில் பெரும்பாலோர் நீங்கள் தொடர்ந்து வரைய வேண்டும் என்றுதான் தருகிறார்கள். பொருளுக்காகத் தருகிறவர் சிலர்தான்.

யூடியூப் விளம்பரப் பணத்தை முதல் வருடக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1000 சந்தாதாரர், அதோடு 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை, அதன் பிறகுதான் கதவே திறக்கும். திறந்தால் நீள வீடியோவில் உங்கள் பங்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45. ஆனால் வரைவதைப் பதிவு செய்து போட்டுவையுங்கள், ஆர்டர் தருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். என் கிளையன்டுகளில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்.

2 நவம்பர்

முதல் நாள் சொன்ன "முதலில் ஆர்டர்" என்பதற்கு ஒரு விதிவிலக்கு சேர்க்கிறேன். கைக்குழந்தை வைத்திருக்கும் ஓர் அம்மா எழுதியிருக்கிறார். எந்த இரவு தனக்குக் கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. அவரைத் தேதி போட்டு வேலை எடுக்கச் சொல்வது கொடுமை. கொடுக்கும் தேதி தவறினால் தளத்தில் மதிப்பெண் இறங்கும், பதற்றம் வேறு. அவருக்குப் பேட்டர்னும் ஐகானும்தான் சரி. பாதியில் விட்டுவிட்டுப் போகலாம், யாரும் காத்திருக்க மாட்டார்கள். முதல் காசு வர ஒரு வருடம்கூட ஆகலாம், அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். ஒரே தீமில் பத்துப் பன்னிரண்டு ஓடுகளைத் தொகுப்பாகப் போட்டால் தனித்தனியாக விற்பதைவிட நன்றாகப் போகிறது.

உங்களுக்கு, அதாவது கேட்டவருக்கு, மாலைகள் உறுதியாகக் கிடைக்கின்றன. உங்களுக்கு என் பழைய பதில்தான்.

3 நவம்பர்

ஏமாற்று வேலைகள் பற்றி. புதியவரைத்தான் முதலில் குறி வைப்பார்கள், ஆகவே சுருக்கமாக:

பேசியதைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்பிவிட்டு, மிச்சத்தை வேறொருவருக்கு அனுப்பச் சொன்னால் திருட்டு. காசோலை சில நாளில் திரும்பிவரும், நீங்கள் அனுப்பியது போனதுதான். "உங்கள் பணம் தயார், சரிபார்ப்புக் கட்டணம் கட்டுங்கள்" என்றாலும் திருட்டு. வேலை தருகிறவர் வேலை செய்கிறவரிடம் காசு கேட்பதில்லை. தளத்தில் பேசத் தொடங்கியதுமே வேறு செயலிக்கு வரச் சொன்னால், தளத்தின் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. சோதனைக்கு ஒரு முழுப் பக்கம் இலவசமாக வரைந்து காட்டச் சொன்னால், பழைய மாதிரியை அனுப்புங்கள். சோதனைதான் வேண்டும் என்றால் அதற்கும் விலை சொல்லுங்கள்.

16 நவம்பர்

அமெரிக்கத் தளங்கள் கேட்கும் வரிப் படிவம் புரியவில்லை என்று நிறையச் செய்திகள். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் காலியாக விடக் கூடாது.

அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் தனிநபர் நிரப்புவது டபிள்யூ-8பென். ராயல்டியாக வருகிற அமெரிக்க வருமானத்தில் வழக்கமாக 30 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்து, படிவத்தில் அதைக் குறிப்பிட்டு, உங்கள் வரி எண்ணையும் கொடுத்தால் அந்த விகிதம் குறையும். எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு மாறும். யூடியூபில் அமெரிக்கப் பார்வையாளர் வழியாக வந்த பங்குக்கு மட்டும்தான் இந்தப் பிடித்தம். ஆனால் வரி விவரமே கொடுக்காமல் விட்டால் உலகம் முழுதும் வந்த மொத்தத் தொகையிலும் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். ஸ்டாக், கிண்டில், யூடியூப் எல்லாம் ராயல்டி வகை. நீங்கள் உங்கள் ஊரில் உட்கார்ந்து வரைந்து கொடுக்கும் ஆர்டர் வேலை சேவை வகை, அதில் அமெரிக்கப் பிடித்தம் வராது. சொந்த நாட்டில் கட்ட வேண்டிய வரி இரண்டுக்கும் உண்டு.

பெயரும் முகவரியும் வங்கிக் கணக்கில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும். கையெழுத்திட்ட வருடத்துக்குப் பிறகு மூன்று முழு வருடம் செல்லும். 2025 நவம்பரில் போட்டீர்கள் என்றால் 2028 டிசம்பர் 31 வரை.